சவுத் டவுன்ஸில் மலைச் சைக்கிள்: உயரத்தை விடுங்கள், ஆறுகளை எண்ணுங்கள்

கேள்வி: லண்டனில் வேலை செய்கிறேன், வயது 41. தினமும் ஆபீசுக்குச் சைக்கிள்தான், ஒரு வழிக்கு 14 கி.மீ. போன மாதம் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக் ஒன்று வாங்கினேன். நானும் நண்பர் ஒருவரும் சவுத் டவுன்ஸ் வே பாதை முழுவதையும் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். மொத்த உயரமே 270 மீட்டர்தானே, முடியாதா? எந்த மாதம் போகலாம், எந்த டயர் போடலாம், அங்கே கண்ட பாதையிலும் ஓட்டலாமா?

பதில்: முடியும். ஆனால் முதல் தடவையே வேண்டாம்.

அந்த 270 மீட்டர்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. வழியில் வரும் மிக உயரமான குன்றான பட்சர் ஹில் அவ்வளவுதான் உயரம். ஊட்டியைப் பார்த்த நமக்கு அதை மலை என்று சொல்லவே வாய் வராது. கஷ்டம் உயரத்தில் இல்லை, ஆறுகளில் இருக்கிறது. தென் இங்கிலாந்தில் வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் முடியும் இந்த 160 கி.மீ. பாதை, ஒரு சுண்ணக்கல் மலைத்தொடரின் முதுகிலேயே போகிறது. அந்த முதுகை மியான், ஆரன், ஏடர், ஊஸ், குக்மியர் என்று ஐந்து ஆறுகள் அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடுகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் நீங்கள் கீழே இறங்கி, பாலம் கடந்து, அக்கரையில் மறுபடி ஏற வேண்டும். போதாததற்கு நெடுஞ்சாலைகள் கடக்கும் கணவாய்கள் வேறு. எல்லா ஏற்றத்தையும் கூட்டினால் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் வரும். ஆபீஸ் போகும் கால்கள் 14 கி.மீ. சமதளத்துக்குப் பழகியவை. அவற்றுக்கு முதல் நாள் மதியமே விஷயம் புரிந்துவிடும்.

இதையே ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு. போய்த் திரும்பி 24 மணி நேரத்துக்குள் வந்தவர்களும் உண்டு. அவர்களை விடுங்கள்.

பாதை ஏன் முதுகிலேயே போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் திட்டம் தானாக அமையும். வடக்கே கீழே தெரியும் வீல்ட் பகுதி அந்தக் காலத்தில் அடர்ந்த காடும் களிமண்ணும். மழைக்காலத்தில் அங்கே கால் வைத்தால் முழங்கால் வரை போகும். மேலே சுண்ணக்கல், தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். அதனால் வரலாற்றுக்கு முந்திய காலத்திலிருந்தே மனிதர்கள் மேட்டின் மேலேயே நடந்தார்கள், ஆடு மேய்த்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். ஃபெர்ல் பீக்கனில் வழியோரம் புடைத்து நிற்கும் மேடுகள் வெண்கலக் காலத்துச் சமாதிகள். சாங்க்டன்பரி ரிங், ஓல்ட் வின்செஸ்டர் ஹில் ஆகியவை இரும்புக் காலக் கோட்டைகள். பிக்னர் ஹில்லில் உங்கள் பாதையைக் குறுக்கே வெட்டுவது, சிச்செஸ்டரிலிருந்து லண்டனுக்கு ரோமானியர் போட்ட ஸ்டேன் ஸ்ட்ரீட்.

இதில் உங்களுக்கு என்ன வந்தது? தண்ணீர். சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய நீர் மலையடிவாரத்தில்தான் ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் ஊர்களும் கடைகளும் அடிவாரத்தில்தான். மேலே இருக்கும் குட்டைகள் ஆடுகளுக்காக வெட்டிக் களிமண் பூசியவை, குடிக்க ஆகாது. தாகம் எடுத்த பிறகு இறங்கினால் மறுபடி 150 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். ஏடர் ஆற்றங்கரையில் பொட்டால்ஃப்ஸ், அப்புறம் சாடில்ஸ்கோம் பண்ணை என்று சில இடங்களில் குடிநீர்க் குழாய் உண்டு. கிளம்பும் முன் அவற்றை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தூக்குங்கள்.

இனி, கண்ட பாதையிலும் ஓட்டலாமா என்பது. கூடாது. இங்கிலாந்தில் பாதைக்குப் பாதை உரிமை வேறு. மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்புக்குறி என்றால் பிரைடில்வே, அதாவது குதிரைப் பாதை. அதில் சைக்கிளுக்கும் அனுமதி. இந்த அனுமதி 1968ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, பொறுப்பாக ஓட்டினால் பெரும்பாலான இடங்களில் யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே ஓட்டிப் பழகிய நண்பர் யாராவது கூட வந்தால், இங்கே அப்படி இல்லை என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

1972இல் திறந்த சவுத் டவுன்ஸ் வேயின் சிறப்பே, அது முழுக்கச் சைக்கிளில் போகக்கூடிய தேசியப் பாதை என்பதுதான். தேசியப் பாதைகளுக்கான ஓக் கொட்டைச் சின்னம் போட்ட கம்பங்களைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஆனால் ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்தில் உஷார். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. படங்களில் எல்லாரும் பார்த்த வெள்ளைப் பாறைகள், செவன் சிஸ்டர்ஸ் வழி, நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிளுக்கு உரியது உள்பக்கமாக ஜெவிங்டன் வழியே போகும் கிளை. இரண்டிலுமே ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும் என்பதால் கடலைப் பார்த்த ஆசையில் தவறாகத் திரும்பிவிடுவார்கள். ஜெவிங்டன் வழியும் லேசுப்பட்டதல்ல. விண்டோவர் ஹில்லில் மலைச்சரிவில் கோடாக வரைந்த வில்மிங்டன் நெட்டை மனிதன் என்ற உருவத்தின் தலைக்கு மேலேயே ஓட்டிப் போவீர்கள். எழுபது மீட்டருக்கு மேல் நீளமான அந்த உருவம் மிகப் பழங்காலத்தது என்று பலர் நம்பியிருந்தார்கள். 2003இல் நடந்த அகழாய்வு அதை 16 அல்லது 17ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மேலிருந்து அவரைப் பார்க்க முடியாது. கீழே வில்மிங்டன் பக்கம் போனால்தான் தெரிவார்.

கோட்டைகளின் மண்கரைகளைப் பார்த்தால் மவுண்டன் பைக் வைத்திருப்பவருக்குக் கை பரபரக்கும். குதித்துப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடும். செய்யாதீர்கள். அவை சட்டப் பாதுகாப்பில் உள்ள தொல்சின்னங்கள். மெல்லிய புல்தோலுக்குக் கீழே சுண்ணக்கல். ஒரு டயர் கிழித்த கோட்டில் மழை ஓடி, இரண்டு குளிர்காலத்தில் அது ஓடை ஆகிவிடும்.

மாதம் எது? மே முதல் செப்டம்பர் வரை. மாதத்தைவிட, அதற்கு முந்திய மூன்று நாள் வானிலை முக்கியம். காய்ந்த சுண்ணக்கல் தார்ச்சாலை மாதிரி ஓடும். நனைந்ததோ பாசி பிடித்த கிணற்றுப்படிதான். நான் ஓர் அக்டோபர் காலை, வெயில் அடிக்கிறதே என்று நம்பி ஆல்ஃப்ரிஸ்டனுக்கு இறங்கினேன். முந்தின இரவு பெய்த மழையை மறந்துவிட்டேன். பிரேக்கைத் தொட்டதுதான் தெரியும், அப்புறம் வேலியோரம் உட்கார்ந்திருந்தேன். முழங்கை சிராய்ப்பு ஆற மூன்று வாரம். ஈரத்தில் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்; திருப்பத்துக்குள் முன் பிரேக்கைத் தொடக் கூடாது. குளிர்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. களியும் சுண்ணாம்பும் குழைந்து டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

டயரைப் பற்றி ஒரே பிடிவாதம்: ட்யூப்லெஸ். சுண்ணக்கல்லுக்குள் ஃபிளிண்ட் என்ற சிக்கிமுக்கிக் கல் கட்டி கட்டியாகக் கிடக்கும். கற்காலத்தில் இதை உடைத்துத்தான் கோடரி செய்தார்கள், அவ்வளவு கூர்மை. ட்யூப் போட்டுப் போனால் ஒரு நாளில் இரண்டு, மூன்று பஞ்சர் சகஜம். ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும். பக்கச்சுவர் கிழிந்தால் அதற்கும் அடங்காது என்பதால் ஒரு ட்யூப்பும், உள்ளே வைத்து அடைக்கக் கெட்டியான டயர்த் துண்டும் பையில் இருக்கட்டும். அகலம் 2.2 அங்குலம் அளவில், நடுவில் முடிச்சு (மேலே புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டை) குறைந்த டயர் போதும். காட்டுச் சேற்றுக்கான பெரிய முடிச்சு டயர் 160 கி.மீ. தூரத்துக்கு வீண் சுமை. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள உங்கள் ஹார்ட்டெயில் இதற்குச் சரியான வண்டி. பின் சஸ்பென்ஷன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

சரி, எப்படித் தொடங்குவது? முதல் நாளுக்கு சவுத்ஈஸ் முதல் ஈஸ்ட்போர்ன் வரை, ஏறக்குறைய 25 கி.மீ. லூயிஸில் ரயில் மாறினால் சவுத்ஈஸ் நிலையம் பாதையிலேயே இருக்கிறது. இறங்கியதும் ஏற்றம், நாள் முழுக்கப் பெரிய ஏற்றங்கள் மூன்று, முடிவில் கடலும் மீன் வறுவலும். இது பிடித்திருந்தால் அடுத்த மாதம் ஆம்பர்லியில் இறங்கி சவுத்ஈஸ் வரை போங்கள். 55 கி.மீ. சொச்சம் வரும், டிட்ச்லிங் பீக்கன் குன்று, டெவில்ஸ் டைக் பள்ளத்தாக்கு எல்லாம் அதில்தான். அந்த நாளை முடித்து மறுநாள் காலை படியிறங்க முடிந்தால், முழுப் பாதைக்கும் தயார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் இரண்டு நாளைவிட மூன்று நாள் என்பதே என் ஓட்டு. இரண்டே நாள்தான் என்றால் ஆம்பர்லி பக்கத்தில் இரவு தங்குங்கள். அது கிட்டத்தட்டப் பாதி வழி.

மேற்கிலிருந்து கிழக்காகவே ஓட்டுங்கள். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும், முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். எதிர்த்திசையில் போனவர்கள் மொட்டை மேட்டில் அந்தக் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டு வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ரயில் விஷயத்தில் ஒன்று. வார நாள் நெரிசல் நேரத்தில் மடிக்காத சைக்கிளை ஏற்றவிட மாட்டார்கள். சனி, ஞாயிறில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அந்தப் பஸ்ஸில் பொதுவாகச் சைக்கிளை ஏற்றுவதில்லை. முந்தின இரவே பார்த்துவிடுங்கள், அதுவும் திரும்பும் ரயிலை.

கேட்டுகள் நிறைய வரும். நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், இரண்டு பக்கமும் ஆடு மாடு நிற்கும். குதிரைக்குப் பின்னால் வந்தால் மணி அடிக்காதீர்கள், தூரத்திலேயே வாயால் ஒரு ஹலோ சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை அவ்வளவாக மிரளாது. மேலே இருப்பவர் சைகை காட்டிய பிறகு, இடம் விட்டு மெல்லக் கடக்கலாம்.

நண்பருக்கு உங்கள் அளவு பழக்கம் இல்லை என்றால் அவர் மின்சார சைக்கிளில் வரலாம். மோட்டார் 250 வாட்டுக்குள் இருந்து, மிதித்தால் மட்டும் உதவி செய்து, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் உதவியை நிறுத்திவிடும் வண்டி என்றால் குதிரைப் பாதையில் அனுமதி உண்டு. ஆனால் 4,000 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு பேட்டரி சார்ஜ் போதாது. தங்கும் விடுதியில் சார்ஜ் போட வசதி இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.