அடிக்கோட்டைத் தேடினால் ஏன் வேறு எண்களும் வருகின்றன?

கேள்வி: பொருள் குறியீடுகள் உள்ள தரவுத்தள டேபிளில் 20_45 என்று தொடங்குபவற்றை மட்டும் எடுக்க, லைக் (மாதிரிக்குப் பொருந்துவதைத் தேடும் சொல்) '20_45%' என்று குவெரி எழுதினேன். 20-45, 20745 என்று தொடங்குபவையும் சேர்ந்தே வருகின்றன. டேபிள் வளர வளர '%45%' என்ற தேடலும் மிகவும் மெதுவாகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: லைக் தேடலில் அடிக்கோடு ஒரு சாதாரண எழுத்து இல்லை; 'இந்த இடத்தில் ஏதாவது ஒரே ஓர் எழுத்து' என்று பொருள். அதனால்தான் கோடும் 7-ம் அங்கே பொருந்துகின்றன. % என்பது எத்தனை எழுத்தானாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி என்பது. '20%45' என்று தேடினால் நடுவில் எதுவும் இல்லாத 2045-ம் வரும்.

அடிக்கோட்டை அடிக்கோடாகவே தேட, அதன் முன்னால் ஒரு விலக்குக் குறி (அடுத்த குறியின் சிறப்புப் பொருளை நீக்கும் குறி) வைத்து, அந்தக் குறி எது என்பதையும் சொல்லிவிடுங்கள்:

லைக் '20!_45%' எஸ்கேப் '!'

(லைக், எஸ்கேப் இரண்டையும் குவெரியில் ஆங்கில எழுத்தில் இடவேண்டும்.) மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இரண்டிலும் பின்சாய்கோடு (\) தானாகவே விலக்குக் குறியாக வேலை செய்யும். ஆரக்கிளிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் அப்படி இல்லை, எஸ்கேப் என்று எழுதினால்தான் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் பின்சாய்கோட்டுக்கு இன்னொரு சிக்கல்: மேற்கோளுக்குள் இருக்கும் சரமே (எழுத்துத் தொடரே) முதலில் ஒரு பின்சாய்கோட்டை விழுங்கிவிடும். தரவில் உள்ள ஒரு பின்சாய்கோட்டைப் பிடிக்க நான்கு எழுதவேண்டியிருக்கும். ஆகவே எங்கும் ஒரே மாதிரி நடக்கும் '!' தான் எங்கள் பரிந்துரை. எஸ்க்யூஎல் சர்வரில் '20[_]45%' என்றும் எழுதலாம். ஆனால் அங்கே '[' குறிக்கும் தனிப் பொருள் இருப்பதால் அதையும் விலக்கவேண்டும்.

தேடுசொல் பயனரிடமிருந்து வருகிறதா? அதை பாராமீட்டராக (குவெரி எழுத்தோடு ஒட்டாமல் தனி மதிப்பாக) அனுப்புவது குவெரியை யாரும் உடைக்காமல் காக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் % குறியும் அடிக்கோடும் சிறப்புக் குறிகளாகவே வேலை செய்யும். அனுப்பும் முன் நிரலில் மாற்றுங்கள். வரிசை முக்கியம்: முதலில் ! என்பதை !! ஆக்கவேண்டும், அதன் பிறகே % என்பதை !% ஆகவும் _ என்பதை !_ ஆகவும். மாற்றிச் செய்தால் _ முதலில் !_ ஆகி, பிறகு !!_ ஆகிவிடும். அதன் பொருள் 'ஓர் ஆச்சரியக்குறி, அடுத்து ஏதாவது ஓர் எழுத்து'. பிழைச் செய்தி எதுவும் வராது, தேடியது மட்டும் கிடைக்காது.

இனி வேகம். '20%' என்றால் இன்டெக்ஸில் (மதிப்புகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பட்டியலில்) 20-ல் தொடங்கும் பகுதிக்கு நேரே போய்விடலாம். '%45%' என்றால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது, ஒவ்வொரு வரிசையையும் பார்த்தாகவேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் மூன்றெழுத்துத் துண்டுகளை வைத்துத் தேடும் டிரைகிராம் இன்டெக்ஸ் இதற்கு உதவும். ஆனால் '45' போல இரண்டே எழுத்து கொடுத்தால் அதாலும் பயனில்லை. குறைந்தது மூன்றெழுத்தாவது கேளுங்கள். எப்போதும் முடிவை வைத்தே தேடுகிறீர்கள் என்றால், குறியீட்டைத் தலைகீழாக்கி இன்னொரு நெடுவரிசையில் வைத்து அதற்கு இன்டெக்ஸ் போடுங்கள். '%45' அங்கே '54%' ஆகிவிடும். '20%' கூட மெதுவாக இருந்தால், போஸ்ட்கிரெஸ்ஸில் இன்டெக்ஸ் எந்த மொழி வரிசையில் (எழுத்துகளை அடுக்கும் விதியில்) உருவானது என்று பாருங்கள். 'சி' அல்லாத வரிசையில் சாதாரண இன்டெக்ஸ் லைக் தேடலுக்கு உதவாது; பேட்டர்ன் வகை இன்டெக்ஸ் தனியாக வேண்டும்.

பொருந்தாதவற்றை எடுக்க நாட் லைக் பயன்படுத்தினால், மதிப்பே இல்லாத ('நல்' எனப்படும்) வரிசைகள் முடிவில் வராது. அவையும் வேண்டுமென்றால் தனியாகக் கேட்கவேண்டும்.

தமிழ்ச் சொற்களில் அடிக்கோடு நாம் நினைக்கும் ஓரெழுத்து அல்ல. போஸ்ட்கிரெஸ் யூனிகோடு குறிகளையே எண்ணும். 'கி' அதற்கு இரண்டு. 'க_ல்' என்று தேடினால் கடல் வரும், கால் என்பதும் வரும், ஏனென்றால் துணைக்காலும் அதற்கு ஒரு குறிதான். 'கொ' இன்னும் கவனிக்க வேண்டியது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, லைக் பொருந்தாது. தரவை உள்ளே ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், தேடுசொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கு நார்மலைஸ் என்ற செயல்கூறு உள்ளேயே இருக்கிறது.