பௌர்ணமியன்று டெலஸ்கோப்பா? வேண்டாமே!

வாசகர் கேள்வி – பதில்

பெரம்பூர் வாசகி: கோளரங்கத்திலும், அறிவியல் அமைப்புகள் சார்பில் அங்கங்கேயும் பொதுமக்களுக்கு டெலஸ்கோப்பில் வானம் காட்டுகிறார்களே, பிள்ளைகளைப் பௌர்ணமியன்று கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பௌர்ணமி மட்டும் வேண்டாம். அன்று சூரிய வெளிச்சம் நிலாவின் முகத்தில் நேராக விழுவதால் நிழலே இருக்காது, பள்ளமும் மேடும் ஒன்றாகி வெள்ளை வெளேரென்று கண் கூசும், பக்கத்தில் இருக்கிற மற்றதெல்லாம் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். வீட்டில் தினசரி காலண்டர் கிழிக்கிறீர்கள்தானே, அதில் வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமிக்குள் ஒரு சனிக்கிழமை வருகிறதா பாருங்கள். அரை நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டருகே ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் கறுப்பு நிழல் விழுந்து கிடக்கும். பொழுது சாயும்போதே நிலா மேலே இருப்பதால் பிள்ளைகள் தூங்கி விழுவதற்குள் காட்டிவிடலாம்.

தாம்பரம் வாசகர்: சனிக்கோளைக் காட்டுகிறோம் என்றார்கள். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று பார்த்தால் பட்டாணிகூடப் பெரிது! இன்டர்நெட்டில் வரும் படமெல்லாம் ஏமாற்றா?

படம் பொய்யில்லை சார், ஆனால் அது பக்கத்தில் போய் எடுத்தது. காசினி விண்கலம் 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிக்கொண்டே எடுத்த படங்களைத்தான் நாம் எல்லோரும் ஃபார்வர்ட் செய்துகொண்டிருக்கிறோம். நீங்கள் நின்றதோ நூறு கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். நூறு மடங்கு பெரிதாக்கினாலும் சனியின் உடல் வெறும் கண்ணுக்குத் தெரியும் நிலா அளவுக்குத்தான் வரும். போதாக்குறைக்கு 2025-ல் வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பி வெறும் கோடாகிவிட்டது, இனி வருஷத்துக்கு வருஷம் விரியும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், எத்தனை நொடி பார்த்தீர்கள்? முக்கால்வாசிப் பேர் ஐந்து நொடியில் “ம், தெரியுது” என்று நகர்ந்துவிடுகிறார்கள், பின்னால் நிற்பவர் மூச்சு விடுவது கழுத்தில் படும்போது நிதானமாகப் பார்க்கவும் முடியாதுதான். பொழுது சாய்ந்த கையோடு மொட்டை மாடியும் தார் ரோடும் பகல் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், அந்தக் காற்று வழியாகப் பார்த்தால் கோள் நடுங்கும். ஒரு நிமிஷம் விடாமல் பார்த்தால் நடுவில் சட்டென்று ஒரு கணம் காற்று அடங்கும், வளையத்துக்கும் உடலுக்கும் நடுவே கறுப்பு இடைவெளி பளிச்சென்று பிரியும், ஓரமாகச் சனியின் நிலாவான டைட்டன் ஒரு புள்ளியாக நிற்பதும் தெரியும். அதனால் என் யோசனை: ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். குடும்பங்கள் கிளம்பிக் கூட்டம் குறைந்ததும் மறுபடி போய் நில்லுங்கள். அப்புறம், கண் வைக்கிற குழாயைக் கையால் பிடிக்காதீர்கள். மோட்டார் இல்லாத டெலஸ்கோப் என்றால் பூமி சுற்றுகிற வேகத்துக்கு இரண்டு நிமிஷத்தில் கோள் தானாகவே பார்வையைவிட்டு நழுவிவிடும், இதில் நாமும் இடித்தால் பாவம் அந்தத் தன்னார்வலர், மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

மயிலாப்பூர் வாசகி: மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றலாம், ஃபோகஸைத் திருப்பினால் சரியாகிவிடும். சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் போட்டுக்கொண்டே பாருங்கள்.

ஆதம்பாக்கம் கல்லூரி மாணவர்: “என் ஜென்ம நட்சத்திரத்தைக் காட்டுவாங்களா?” என்று பாட்டி கேட்கிறார்.

தாராளமாகக் கேட்கச் சொல்லுங்கள், தன்னார்வலர்களுக்குப் பிடித்த கேள்வி அது! பாட்டி எந்த நட்சத்திரம் என்று நீங்கள் எழுதவில்லை. திருவாதிரை, ரோகிணி என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, கேட்டை என்றால் ஜூன், ஜூலையில் மேகம் விட்ட மாலைகளில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், மூன்றும் செம்மஞ்சள் சாயலில் இருக்கும். பூசம் என்றால் சென்னை வெளிச்சத்தில் கஷ்டம். கார்த்திகை என்றால் டெலஸ்கோப்பைவிட பைனாகுலர் நல்லது, ஆறு பெண்கள் இருக்கும் இடத்தில் டஜன் கணக்கில் தெரிவார்கள். மற்றபடி தனி நட்சத்திரம் எந்த டெலஸ்கோப்பிலும் புள்ளிதான், பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அப்போது தேதி குறிக்காதீர்கள்.

கோடம்பாக்கம் வாசகர்: நுங்கம்பாக்கத்தில் அப்சர்வேட்டரி இருந்ததாமே?

இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் கட்டியது. அங்கிருந்த ஆங்கிலேய வானியலாளர் போக்சன் 1861-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ‘ஆசியா’ என்று பெயர் வைத்தார். அவரிடம் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் கண்டுபிடித்தார், இவர் பெயர் நம் பாடப்புத்தகத்தில் ஏன் இல்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். 1899-ல் வேலை கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தமிழிலும் எழுத்து பொறித்த கருங்கல் தூண் மட்டும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

வேளச்சேரி வாசகர்: பையனுக்கு டெலஸ்கோப் வாங்கலாமா? 525 மடங்கு என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். லென்ஸின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரண்டு மடங்குதான் உருப்படியாகத் தாங்கும், 60 மி.மீ. லென்ஸ் என்றால் 120. அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். முதலில் ஒரு 10x50 (பத்து மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் வாங்கி, பொதுமக்களுக்கு வானம் காட்டும் ஓர் இரவுக்குப் பையனோடு எடுத்துப்போங்கள். அங்கே நாலைந்து விதமான டெலஸ்கோப் இருக்கும், எதை அவனால் தானாகத் திருப்பி நிலாவைப் பிடிக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு விலை விசாரியுங்கள்.