டெக்சாஸ் சம்பள உயர்வு: தோழிக்கு 8,000 டாலர், எனக்கு 2,500 மட்டும் ஏன்?

கேள்வி: டாலஸ் பக்கம் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) நான்கு ஆண்டுகளாக வேதியியல் நடத்துகிறேன். புதிய சட்டத்தில் எனக்கு 2,500 டாலர்தான் கூடியது. சிற்றூரில் வேலை பார்க்கும் தோழிக்கு 8,000. இங்கே வருமுன் தமிழ்நாட்டில் மெட்ரிக் பள்ளியில் மூன்று ஆண்டு இருந்தேன். அது கணக்கில் வராதா?

பதில்: வர வாய்ப்பு இருக்கிறது. விடாதீர்கள்.

2025 ஜூனில் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்ட ஹவுஸ் பில் 2 என்ற பள்ளி நிதிச் சட்டம் எல்லோருக்கும் ஒரே தொகை தரவில்லை. 5,000 மாணவர்கள் வரை உள்ள மாவட்டம் என்றால் மூன்று, நான்கு ஆண்டு அனுபவத்துக்கு 4,000 டாலர். ஐந்து ஆண்டு முதல் 8,000. அதைவிடப் பெரிய மாவட்டத்தில் 2,500, 5,000. சிற்றூர்களில் சம்பளம் குறைவு, ஆசிரியர்கள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பதால் இந்த வித்தியாசம். அது புரிகிறது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுக்காரர்களுக்கு இந்த ஒதுக்கீட்டில் ஒன்றுமே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலையே வேண்டாம் என்று பலர் கிளம்புவது அந்தக் கட்டத்தில்தானே? 2023-இல் மாநிலக் கஜானா நிறைந்திருந்தும், தனியார் பள்ளியில் படிக்க அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தோடு சேர்த்துக் கட்டியதால் சம்பள உயர்வு கவிழ்ந்தது. அதனால் இதுவாவது வந்ததே என்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். அரசு அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுப் பள்ளியில் செய்த ஆசிரியர் பணியையும் அனுபவமாக ஏற்க டெக்சாஸ் விதிகளில் இடம் உண்டு. ஏற்றால் உங்கள் அனுபவம் ஏழு ஆண்டு, தொகை 5,000. அனுபவத்துக்கேற்ப உயரும் மாவட்டச் சம்பள அட்டவணையிலும் மேலே போகலாம்.

சிக்கல் காகிதத்தில்தான். நம் ஊர்ப் பள்ளிகள் தரும் அனுபவச் சான்றிதழில் இரண்டு தேதியும் 'நன்னடத்தை உடையவர்' என்ற வரியும்தான் இருக்கும். அது போதாது. எந்தப் பாடம், எந்த வகுப்பு, முழுநேரமா, ஒவ்வொரு கல்வியாண்டிலும் எத்தனை நாள் வேலை, பள்ளியின் அங்கீகார ஆணை எண் எல்லாம் முத்திரையோடு வேண்டும். அதை மாவட்ட எச்.ஆர். அலுவலகத்தில் கொடுத்து, சர்வீஸ் ரெக்கார்டில் (பணிப் பதிவேடு) சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், கூடிய தொகை முழுதாகக் கைக்கு வராது. ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு 8.25 சதவீதம் பிடிப்பார்கள், வருமான வரியும் போகும்.