மோட்டார்ஹோம் வாங்குமுன் கேட்டறிய வேண்டிய எண்கள்

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் பகுதியில் வசிக்கிறோம். 34 அடி நீளமுள்ள, பெட்ரோலில் ஓடும் பழைய ‘கிளாஸ் ஏ’ மோட்டார்ஹோம் (பேருந்து வடிவில், உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றை விலை பேசியிருக்கிறோம். அதன் மொத்த எடை வரம்பு 22,000 பவுண்டு. “கார் ஓட்டத் தெரிந்த எவரும் இதை ஓட்டலாம், டயர்களும் புதிது போலவே இருக்கின்றன” என்கிறார் விற்பவர். கோடை விடுமுறையில் கொலராடோ சென்று, அங்கிருந்து மொன்டானாவிலுள்ள கிளேசியர் தேசியப் பூங்கா வரை போக எண்ணம். இதுவரை காரைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. தனி உரிமம் தேவையா? எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: உரிமத்தைப் பற்றிய கவலை தேவையில்லை. டெக்சஸில் மொத்த எடை வரம்பு 26,000 பவுண்டைத் தாண்டும் வண்டிக்குத்தான் வணிகம் சாராத ‘கிளாஸ் பி’ உரிமம் கேட்கிறார்கள் (வண்டியின் ‘கிளாஸ்’ வேறு, உரிமத்தின் ‘கிளாஸ்’ வேறு). தங்கள் வண்டிக்குக் கார் உரிமமே போதும். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே விற்பவரின் பேச்சு உண்மையாகிவிடாது.

முதலில் டயர்களைப் பாருங்கள். மோட்டார்ஹோம் ஆண்டின் பெரும்பகுதி நின்ற இடத்திலேயே நிற்பதால் அதன் டயர்கள் தேய்வதில்லை. வெயிலிலும் பாரத்திலும் ரப்பர் இறுகி, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் பலமிழக்கிறது. ஆகவே புதிது போலத் தோன்றுவது ஒரு சான்றே அல்ல. டயரின் பக்கவாட்டில் ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களே அதன் பிறந்த தேதி: 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. இந்த எண் சில டயர்களில் உட்புறம் மட்டுமே தெரியும்படி மாட்டப்பட்டிருக்கும். சிரமம் பாராமல் வண்டிக்கு அடியில் குனிந்து ஆறு டயர்களையும் பார்த்துவிடுங்கள். ஏழு ஆண்டைத் தாண்டியிருந்தால் ஆறையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். பத்து ஆண்டான டயரில், அதுவும் டெக்சஸ் கோடையில், நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது.

ஓடும்போது முன் டயர் வெடித்தால் உடனே பிரேக்கை மிதிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அதுவே வண்டியை ஒரு பக்கம் இழுத்துவிடும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாமல், வண்டி நேராக ஓடத் தொடங்கிய பிறகு மெல்ல வேகம் குறைத்து ஓரங்கட்ட வேண்டும்.

அடுத்தது எடை. 22,000 பவுண்டு என்பது வண்டியோடு ஆட்கள், தண்ணீர், எரிபொருள், சாமான்கள் எல்லாம் சேர்ந்த வரம்பு. எவ்வளவு ஏற்றலாம் என்பது வண்டிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அதைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 75 காலன் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தாலே 620 பவுண்டுக்கு மேல் போய்விடுகிறது. தங்கப்போகும் முகாம்களில் தண்ணீர் கிடைக்கும் என்றால் அதைச் சுமந்து செல்வானேன்? பயணத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றிய பின் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப் ஒன்றின் எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்து, அந்த எடைக்கேற்ற காற்றழுத்தத்தை டயர் நிறுவனத்தின் அட்டவணையில் கண்டு, காலையில் வண்டி கிளம்புமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்பிக்கொள்ளுங்கள்.

உயரத்தை விற்பவர் சொல்வதை நம்பாமல், கூரையின் ஏசி பெட்டி வரை தாங்களே அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் 12 அடிக்கு மேல் இருக்கும். வட கரோலினாவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல உயரமிருந்த ரயில் பாலம், லாரிக் கூரைகளை உரித்தெடுத்தே பேர் வாங்கியது. 2019இல் அதை 12 அடி 4 அங்குலமாக உயர்த்திய பிறகும் பன்னிரண்டரை அடி வண்டி அதில் நுழைய முடியாது. காருக்கு வழி காட்டும் கைபேசி வரைபடத்துக்குத் தங்கள் வண்டியின் உயரம் தெரியாது. உயரமும் நீளமும் உள்ளிடக்கூடிய வழிகாட்டிக் கருவிக்குச் செலவழிப்பது வீணல்ல. கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற ‘கோயிங் டு தி சன்’ சாலையில் அவலாஞ்ச், ரைசிங் சன் என்ற இரு இடங்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியே இல்லை. மோட்டார்ஹோமை முகாமில் விட்டுவிட்டு வேறு வண்டியில் போகத் திட்டமிடுங்கள்.

ஓட்டிப் பழகுவதற்குக் காலியான வாகன நிறுத்துமிடம் ஒன்றைத் தேடுங்கள். இவ்வகை வண்டியில் ஓட்டுநர் முன் சக்கரங்களுக்கும் முன்னால் அமர்ந்திருப்பதால், சந்திப்பில் காரைப்போல உடனே திருப்பினால் பின் சக்கரம் நடைபாதை மேல் ஏறும். வலப்பக்கம் திருப்பும்போது வால்பகுதி இடப்பக்கம் வெளியே வீசும். பெட்ரோல் நிலையத் தூண்களில் உரசுவது இதனால்தான். தரையிலுள்ள கோட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுவதும் மறுபக்கம் ஒடித்து மெதுவாக நகர்த்தி, வால்பகுதி கோட்டை எத்தனை அடி தாண்டுகிறது என்று வெளியே நிற்பவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவு தெரிந்தவருக்குப் பாதி பயம் போய்விடும். பின்னால் எடுக்கும்போது எப்போதும் ஒருவர் வெளியே நின்று, கண்ணாடியில் தெரியும் இடத்திலிருந்து சைகை காட்ட வேண்டும்.

முன் வண்டியோடு இடைவெளிக்கு, வணிக ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கே நல்லது: பத்து அடி நீளத்துக்கு ஒரு விநாடி, மணிக்கு 40 மைலுக்கு மேல் போனால் இன்னொரு விநாடி. தங்களுக்கு ஏறத்தாழ ஐந்து விநாடி.

கொலராடோவில் ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து. வுல்ஃப் கிரீக் கணவாயில் சரிவு 6.8 சதவீதம். இறங்கத் தொடங்குமுன்னே ‘டோ/ஹால்’ (பாரத்துக்கேற்ப கியர் மாற்றும்) பொத்தானை அழுத்தி, கீழ் கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி செய்யுங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தபடி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். 40 மைல் பாதுகாப்பான வேகமென்றால், 40ஐத் தொட்டதும் அழுத்தி 35க்குக் கொண்டுவந்து முழுவதும் விட்டுவிட வேண்டும். மீண்டும் 40 வந்ததும் அப்படியே.

கேள்வி: எங்கள் காரைப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லலாமா?

பதில்: கார் நிறுவனத்தின் கையேடு நான்கு சக்கரமும் தரையில் படும்படி இழுக்க அனுமதித்தால் இழுக்கலாம். வண்டியும் காரும் சேர்ந்த மொத்த எடைக்கும், கொக்கிக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. சேர்ந்த எடையின் வரம்பு 26,000 பவுண்டாக இருந்து, மோட்டார்ஹோமே 22,000 பவுண்டுக்கு நிறைந்துவிட்டால், காருக்கு மிஞ்சுவது 4,000 பவுண்டுதான். காருக்கும் துணை பிரேக் கருவி பொருத்துங்கள். காரைக் கட்டிய நிலையில் பின்னோக்கி எடுக்க முயன்றால் இணைப்புக் கம்பி வளைந்துவிடும் என்பதால், வெளியேற வழியில்லாத தெருவுக்குள் நுழைந்துவிட்டால் காரைக் கழற்றிய பிறகே திரும்ப முடியும்.