காரல் சொதி ஏன் திரைகிறது?

டொரண்டோவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் மாமி யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு. அவர் வைக்கும் காரல் சொதியை, அந்தச் சின்னமீன் போட்ட தேங்காய்ப்பால் குழம்பை, நான் வைத்தால் பால் திரைந்துவிடுகிறது, மீனும் கரைந்து முள்ளெல்லாம் சொதிக்குள். இங்கே உறைந்த மீனும் டின் தேங்காய்ப்பாலும்தான். எங்கே பிழை விடுகிறேன்?"

பிழை அனேகமாக அடுப்பில்தான். தேங்காய்ப்பாலைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் அதிலுள்ள புரதம் கட்டிப்பட்டு எண்ணெய் பிரிந்துவிடும், அதற்குள் புளியும் விழுந்தால் இன்னும் வேகமாகத் திரையும். டின்னைக் குலுக்காமல் திறந்தால் மேலே கெட்டியாக நிற்பது உங்கள் முதற்பால், அடியில் இருக்கும் தண்ணிப்பாலோடு ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்தால் அது கப்பிப்பால். வெங்காயம், கீறின பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாம் கப்பிப்பாலில் அவியட்டும். வெங்காயம் நன்றாக வெந்த பிறகுதான் மீன். முதற்பாலை விட்டதும் நெருப்பைக் குறைத்து, ஓரத்தில் நுரை எழும்பத் தொடங்கியவுடன் இறக்கிவிடுங்கள். தேசிக்காயை (எலுமிச்சையை) சட்டி அடுப்பில் இருக்கும்போது பிழியவே கூடாது, இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டுப் பிழியுங்கள்.

மீன் கரைவது வேறு கதை. காரல் உள்ளங்கைக்குள் அடங்குகிற, தட்டையான, மெல்லிய சதையுள்ள மீன், ஐந்தாறு நிமிடம் போதும். மீன் போட்ட பிறகு அகப்பைக்கு வேலையில்லை, துணியால் சட்டியின் இரு பக்கத்தையும் பிடித்து ஒரு சுழற்று. உறைந்த மீன் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் என்பதால் முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். வெந்நீரில் போட்டால் சமைக்க முன்னமே பாதி போச்சு.

துப்புரவாக்கும்போது பெரிய கல்லுப்பு போட்டு உரஞ்சுங்கள், அந்த வழுவழுப்பு போனால்தான் மீன் வெடுக்கு (நாற்றம்) போகும். வயிறு வெடித்ததை எறிந்துவிடுங்கள். (இன்னொன்று, இதன் தொண்டைக்குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியா குடியிருக்கும் ஒரு சுரப்பி உண்டு, உயிரோடு இருக்கையில் காரல் இருட்டில் மெல்ல ஒளிரும். சட்டிக்குள் எதிர்பார்க்காதீர்கள்.)

தீவுப்பக்கம் ஆழம் குறைந்த கடலில் பெரிய மீன் விலைக்குப் போகும், சின்னமீன் வீட்டுச் சொதிக்கும், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் காய்ச்சும் ஒடியற் கூழுக்கும் வரும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கும் என்று காரல் சொதி கொடுக்கும் வழக்கமும் உண்டு. மருந்தென்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பசிக்கும் உடம்புக்கு மீனும் சூடான சொதியும் நல்ல சாப்பாடு, காரத்தை மட்டும் குறையுங்கள்.

முள்ளுக்குப் பயமென்றால் முதலில் மீனைத் தனியாக எடுத்து, வாலைப் பிடித்து நடுமுள்ளை உருவிவிட்டு, அப்புறம் இடியப்பத்தில் சொதியை ஊற்றுங்கள். மிஞ்சினதை மறுநாள் மெல்லிய சூட்டில் காய்ச்சுங்கள், கொதித்தால் பழையபடி திரைந்துவிடும்.