சூரியன் லீவு எடுக்கிற ஊர்: கேள்வி பதில்

நான் கல்லடிக்காரி. நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் கரையில் போட்ஸ்பியூர் என்ற மீன்பிடி ஊரில் 16 வருசமாக இருக்கிறேன். மீன் தொழிற்சாலையில் வேலை. ஊரில் மொத்தம் 2000 பேர் வரைதான். லீவில் வந்த இடத்தில் சேர்ந்த கேள்விகள் இவை.

ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி: வாடைக்காற்றுக்கே எனக்கு மூக்கடைக்கும். அந்தக் குளிரை எப்படித் தாங்கிற அக்கா?

எங்களுக்குக் குளிரை விடக் காற்றுதான் பகை, தம்பி. வெப்ப நீரோட்டம் வருவதால் துறைமுகம் உறையாது. உள்ளுக்குக் கராஷோக் பக்கம்தான் மைனஸ் 40 வரைக்கும் இறங்கும். உடம்போடு ஒட்டுகிற உடுப்பு கம்பளியாக இருக்கட்டும். முதல் வருசம் ஊர்ப் பருத்தி பெனியன் மூன்றை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனேன். வியர்வையில் நனைந்தது காயவே இல்லை, நடுங்கிச் செத்தேன்.

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி: ரெண்டு மாசம் சூரியனே வராதாமே?

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை வராது. அதற்காகக் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். மதியத்தில் சில மணித்தியாலம் நீல வெளிச்சம் ஒன்று பரவும், பனி அதை இன்னும் கூட்டிக்காட்டும். நான் செய்த பிழை, வேலை முடிந்ததும் திரையை இழுத்துவிட்டு நாடகம் பார்த்தது. தை மாதம் வரும்போது உப்புப் போத்தல் விழுந்தாலும் அழுதேன். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருநாள் கதவைத் தட்டி, தலையில் கட்டும் லைற்றை என் கையில் தந்து, 'வா' என்றார். அன்றிலிருந்து புயல் இல்லாத நாளெல்லாம் அரை மணித்தியாலம் நடை. சப்பாத்துக்கு அடியில் ஆணிப்பட்டி மாட்டாமல் இறங்கினால் இடுப்பு போய்விடும். ட்ரான் என்கிற மீனெண்ணெயும் ஒரு கரண்டி, விற்றமின் டிக்காக. நோர்வே மொழிப் பெயரில் 'ர' ஓசை வரும் மாதமெல்லாம் குடி என்பார்கள், அதாவது செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை. கருவாட்டுச் சட்டி கழுவின தண்ணி மாதிரி இருக்கும். சூரியன் திரும்பி வரும் நாளில் வடக்கு ஊர்களில் 'சூரிய பணிஸ்' சாப்பிடுவார்கள், அந்த ருசியில் ட்ரான் மறந்துபோகும்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு அண்ணன்: அங்கேயும் கருவாடு போடுவாங்களா?

போடுவார்கள், ஆனால் உப்பில்லாமல்! தோர்ஸ்க் என்கிற கொட் மீனைத் தலை வெட்டி, வாலோடு வால் கட்டி, பெப்ரவரியிலிருந்து மே வரை மரப்பந்தலில் தொங்கவிடுவார்கள். குளிர்காற்றே காயவைத்துவிடும், இலையான் தலைகாட்டுமுன் வேலை முடிந்துவிடும். தலைகளும் காய்ந்து நைஜீரியாவுக்குக் கப்பலேறும். எனக்கு ஒரு தலை கிடைத்தால் புளிவிட்டுக் குழம்புதான். தலையிலிருக்கும் நாக்கை வெட்டுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆணியில் தலையைக் குத்தி நிறுத்தி, ஒரே இழுப்பு. அந்தக் காசு அவர்களுக்குத்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் அந்தக் கத்தியை நம் வீட்டில் யார் கொடுப்பார்கள்?

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரர்: மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறையாதென்றால் நோன்பு?

வடக்கு நகரமான த்ரொம்சோவில் பலர் மக்கா நேரத்தைப் பார்த்து நோன்பு திறப்பார்கள். 2030 டிசம்பர் கடைசியில் நோன்பு தொடங்கும்போது அங்கே சூரியன் உதிக்கவே உதிக்காது, அப்போதும் அதே வழிதான்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு அம்மா: மகள் நர்ஸ். ஒரு ஏஜென்ட் காசு கேட்கிறார்.

கொடுக்காதீர்கள், அம்மா. வேலை கையில் இருந்தால்தான் விசா. நர்ஸுக்கு அந்நாட்டு அனுமதியும் வேண்டும், அதற்கு நோர்வே மொழி பி2 மட்டத்தில், அதாவது நடுத்தரத்துக்கு மேல், வேண்டும். மகள் முதலில் மொழியைப் படிக்கட்டும்.

செங்கலடியிலிருந்து: ஆட்கள் பழகுவாங்களா? காட்டுக்குள்ள போக விடுவாங்களா?

தானாக வந்து பழக மாட்டார்கள். 'டூக்னாட்' என்று ஒன்று இருக்கிறது, நம் சிரமதானம்தான். அதற்குப் போய் குப்பை வாரினால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் வடையும் கொண்டுபோனேன். பயிரிடாத வெளிநிலத்தில் யாரும் நடக்கலாம், 1957ஆம் ஆண்டுச் சட்டம் அது. வீடுகளுக்கு 150 மீற்றருக்கு அப்பால் கூடாரமும் போடலாம். ஆகஸ்ட்டில் சதுப்பில் மஞ்சள் மொல்த்தப் பழம் பழுக்கும். எங்கே பொறுக்கினீர்கள் என்று கேட்டால், அந்த மூதாட்டிகூடப் பொய்தான் சொல்வார். எனக்கும் ஒரு இடம் இருக்கிறது, நீங்களும் கேட்காதீர்கள்.