இலை மேலே மடிகிறதா, கீழே மடிகிறதா?

கேள்வி: மிளகாய் நட்டு 50 நாள் ஆகிறது. கொழுந்து இலைகள் சுருண்டு சிறுத்துப் போகின்றன, பூவும் கொட்டுகிறது. முதலில் இமிடாகுளோபிரிட், பத்து நாள் கழித்து சைபர்மெத்ரின் என்று இரண்டு பூச்சிமருந்து அடித்தேன். குறையவில்லை, இன்னும் கூடிவிட்டது. வைரஸ் வந்துவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கிவிடு என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பிடுங்க அவசரப்படாதீர்கள். மூன்றாவது மருந்தும் இப்போதைக்கு வேண்டாம். இலை மேல்பக்கமாகச் சுருள்கிறதா, கீழ்பக்கமாகவா என்பதை நீங்கள் எழுதவில்லை. மிளகாயில் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

காலையில் வயலுக்குப் போய்ப் பாருங்கள். இலையின் இரு ஓரமும் மேல்நோக்கி மடிந்து தோணி மாதிரி இருந்தால் இலைப்பேன், அதாவது சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கொழுந்துக்கு அடியில் பிடித்து, விரலால் நாலு தட்டு தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், மெல்லிய கீற்றுப்போல ஏதாவது ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஓரம் கீழ்நோக்கி வளைந்து கவிழ்த்த தோணிபோல இருந்து, காம்பு வழக்கத்தைவிட நீண்டு, இலை எலிவால் மாதிரி ஒடுங்கியிருந்தால் அது மஞ்சள் சிலந்தி. வீட்டில் வலை பின்னும் சிலந்தி அல்ல, இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிர். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மடிந்த இலையை விரித்து அடிப்பக்கம் பார்த்தால், நரம்போரத்தில் கண்ணாடி போன்ற முட்டைகள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

உங்கள் வயலில் இந்தச் சிலந்திதான் இருக்கும் என்று நினைக்கிறேன். காரணம் நீங்கள் அடித்த மருந்துகள். சிலந்தி பூச்சி இனமே அல்ல, அதற்கு எட்டுக் கால். இமிடாகுளோபிரிட் அதை அடக்காது. சைபர்மெத்ரின் இன்னும் மோசம்: மஞ்சள் சிலந்தியைத் தின்னும் நல்ல சிலந்திகளை அது கொன்றுவிடும். தடுக்க ஆளில்லாமல் இது பல்கிப் பெருகும். மருந்து அடித்த பிறகு சுருட்டை கூடியது அதனால்தான் இருக்கும்.

சரி, லென்ஸில் சிலந்தி உறுதியானால், நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் போட்டு மாலையில் தெளியுங்கள். கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்தே கந்தகத்தைத் தொட வேண்டும், இரண்டும் சேர்ந்தாலும் கருகல்தான். பாதிப்பு முற்றியிருந்தால் ஸ்பைரோமெசிஃபென் அல்லது ஃபெனசாகுயின் என்ற சிலந்தி மருந்து, லேபிளில் உள்ள அளவிலேயே. காய் பறிப்பதற்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பதும் லேபிளில் இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். எதை அடித்தாலும் நுனிக்கொழுந்தும் இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். மேலாகப் புகைபோல அடித்துவிட்டு வந்தால் மருந்துச் செலவுதான் மிச்சம். முட்டை பொரித்து வருவதைப் பிடிக்க ஏழெட்டு நாளில் மறுபடி லென்ஸ் வைத்துப் பார்த்து, தேவையென்றால் இன்னொரு தெளிப்பு.

இலைப்பேனாக இருந்தால் வழி வேறு. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளியுங்கள். ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து.

அப்புறம் அந்த வைரஸ் பேச்சு. இலைச்சுருட்டை வைரஸ் இருப்பது உண்மைதான், வெள்ளை ஈதான் அதைப் பரப்புகிறது. அதில் இலை மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து மஞ்சளித்து, செடியே குட்டையாகிப் புதர்போல நின்றுவிடும். செடியை உலுக்கினால் வெள்ளை ஈ பறக்கும். அப்படிப்பட்ட செடிகளை மட்டும் பிடுங்கி அழியுங்கள், அதற்கு மருந்து கிடையாது. வரப்போரம் மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் ஈயின் நடமாட்டம் தெரியும்.

யூரியா கூடுதலாகப் போட்டிருந்தால் நிறுத்துங்கள். இளசான தளிரைத்தான் இந்தப் பூச்சிகளும் சிலந்தியும் தேடி வருகின்றன. ஏற்கெனவே சுருண்ட இலை திரும்ப விரியாது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பத்து நாளில் புதிதாக வரும் தளிர் தட்டையாக விரிகிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.